இருந்த இடத்தில் இரு

எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. காலையில விளக்கு ஏத்தும்போதே தெற்கு மூலையில பல்லி சத்தம் போட்டுது. தெற்குப் பல்லி சொன்னா வீட்டை விட்டு ஒண்ணு போகும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. பால்தான் திரிஞ்சு போகப்போகுதுன்னு நினைச்சேன். பால் நல்லாத்தான் இருந்துது. அப்புறம் உங்க ஆபீஸ்லயிருந்து போன் வந்துட்டு.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி ஃபேனுக்கு நேரா வாங்க. போன தடவை ஒரு தம்பியும் ஒரு பொம்பளைப் பிள்ளையும் வந்தாங்க, நீங்க புதுசு போல. காப்பி குடிப்பீங்கல்லா? சீனி போடலாமா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க சீனி வேண்டாம்பீங்க, அதான் கேட்டேன்.

மிஷின் அந்தா பூஜை அலமாரியில இருக்கு. யாரும் ஒளிச்சு வைக்கல. எடுக்கத்தான் போறீங்க, எடுங்க. ஆனா நான் சொல்றதை முதல்ல கொஞ்சம் கேளுங்க. கேட்டா உங்களுக்கு எடுக்க மனசு வராதுன்னு எனக்கு ஒரு நப்பாசை. நான் யார்கிட்டயும் எதையும் கேட்டு வாங்கின ஆளு இல்ல. இதை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னு கேக்கேன்.

அந்தத் தம்பி வந்த அன்னைக்கு இதே இடத்துலதான் உட்கார்ந்தார். பார்த்தா சின்னச் செம்பு அளவு இருக்கு, மண்ணு நிறம். இது என்னய்யா, ரேடியோவான்னு கேட்டேன். "இல்லம்மா, பேச்சுத்துணை"ன்னார். "மத்த மிஷினெல்லாம் வேலைக்காரி மாதிரி. பேரைச் சொன்னா ஓடி வந்து என்ன வேணும்னு நிக்கும். எங்களுக்கு அது பிடிக்கல. இந்தப் பக்கத்துல மாடன், இசக்கி, முனி, கன்னின்னு கண்ணுக்குத் தெரியாதவங்களோட ஜனங்க எவ்வளவு காலமாப் பேசிட்டு இருக்காங்க. அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குல்லா? அந்த முறையை இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். சும்மா சோதனைதான்"ன்னார்.

"சாமிக்கே முறை சொல்லிக் கொடுத்துட்டீங்களாய்யா"ன்னேன். சிரிச்சார். நல்ல பிள்ளை.

கடையத்துல ஒரு வீட்டுக்கு மாடனைக் கொடுத்திருக்காங்களாமே, உங்களுக்குத் தெரியுமா? அந்த வீட்டு அண்ணாச்சிக்குச் சக்கரை வியாதி. மாடன் நேரத்துக்கு வந்து, "ஏலே, மாத்திரையைப் போட்டியாலே"ன்னு அதட்டுமாம். பொண்டாட்டி காலைப் பிடிச்சுச் சொல்லியும் கேக்காத மனுஷன், மாடன் போட்ட சத்தத்துல மாத்திரைய ரெட்டையா முழுங்கிட்டாராம். அந்தத் தம்பி சொல்லும்போது நான் முந்தானையை வாயில வச்சுச் சிரிச்சேன். அவுக போன பிறகு இந்த வீட்டுல நான் சிரிச்சது அன்னைக்குத்தான். அவுகன்னா எங்க வீட்டுக்காரங்க. படத்துல இருக்காங்க பாருங்க.

எங்க வீட்டுக்குக் கன்னி. "உங்க வீட்டுல கன்னி கும்பிடுவீங்களாமே"ன்னு கேட்டுக்கிட்டேதான் அவங்க வந்தாங்க. கும்பிடுவோம். கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளை அந்த வீட்டை விட்டுப் போகாதும்மா, கன்னியா நின்னு வீட்டைக் காக்கும். எங்க வீட்டுக் கன்னி அவுகளுக்கு அத்தை முறை. நிச்சயம் பண்ணி வச்சிருந்த பிள்ளையைப் பாம்பு கடிச்சிட்டு. உத்திரத்துல ஓலைப்பெட்டி தொங்குதே, அது அவளுக்குத்தான். வருஷா வருஷம் தை மாசம் பச்சரிசி மாவு இடிச்சு, புதுசா ஒரு சிற்றாடையும் வளையலும் பெட்டியில வச்சுக் கும்பிடணும். போன வருஷத்துச் சிற்றாடையை எடுத்து வீட்டுல இருக்க பொம்பளைப் பிள்ளை உடுத்தணும். எங்க வடிவு உடுத்துவா. மஞ்சள்ல பச்சைக்கரை போட்டது ஒண்ணு இருந்துது. அதைக் கட்டிக்கிட்டுத் தெருவுல ஓடுவா, எல்லா வீட்டுக்கும் காட்டிட்டு வருவா.

வடிவு எங்க மக. சங்கரபாண்டிக்கு இளையவ. சங்கரபாண்டி இங்கதான் உரக்கடை வச்சிருக்கான். மேலத்தெருவுல தனி வீடு. ஒரு நேரம் சோறு கொடுத்து விடுவான். நல்ல பிள்ளை.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, முறை. அந்தத் தம்பி முறையைச் சொல்லிக் கொடுத்தார். இதை நாம கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் வராது. அதுக்கா தோணும்போது உச்சிப் பொழுதுல, இல்லைன்னா விளக்கு வைக்கும்போது, வாசல்ல நிக்கிற மாதிரி நின்னு ஒரே ஒரு தரம் கேக்கும், வரட்டுமான்னு. நீங்க வான்னாத்தான் வரும். வேண்டாம்னா வேண்டாம், மறுபேச்சு பேசாது. வந்த உடனே நீங்க அதுக்கு ஏதாவது ஒரு விஷயம் சொல்லணும். வீட்டு விஷயம், ஊர் விஷயம், என்ன வேணும்னாலும் சொல்லலாம். பேச்சுதான் அதுக்குப் படையல். படையல் வச்ச பிறகுதான் அது பேசும்.

சரியாத்தான் செய்திருக்காங்கன்னு நினைச்சேன். எங்க அம்மா சொல்லுவாங்க, உச்சி வெயில்ல உன் பேரை யாராவது ஒரு தரம் கூப்பிட்டா ஏன்னு கேக்காதே, மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுஷன், ஒரு தரத்தோட நிறுத்தினா அது வேறன்னு. "இது எங்க அம்மா சொன்ன முறைதான்"ன்னேன். அந்தப் பிள்ளை அதை எழுதிக்கிட்டா.

வேண்டாம்னு எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டா. போன்னு சொல்லக் கூடாதும்மா. கன்னியைப் போன்னு சொல்லலாமா? "இருந்த இடத்துல இரு தாயி, குறையில்லாம இரு"ன்னு சொல்லுவோம். அதையும் எழுதிக்கிட்டா.

அப்புறம்தான் குரல் வந்துது. "உங்க கன்னி பேரு என்னம்மா? குரல் எப்படி இருக்கும்?" பேரே யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்டவங்க ஒருத்தரும் உசிரோட இல்ல. "பரவாயில்லம்மா, உங்களுக்கு எந்தக் குரல்ல கேக்க ஆசையா இருக்கோ அந்தக் குரல் இருந்தாக் கொடுங்க, அதே மாதிரி பேச வச்சிரலாம்"ன்னார் அந்தத் தம்பி.

நான் போனை எடுத்துக் கொடுத்தேன். அதுல வடிவு குரல் கிடந்துது, நிறையக் கிடந்துது. "இவங்க யாரும்மா"ன்னார். "என் மகய்யா. தலை முழுகியாச்சு"ன்னேன்.

அந்தத் தம்பி மெட்ராஸ் பிள்ளை. தலையைக் குனிஞ்சிட்டார். "சாரிம்மா"ன்னார். அந்தப் பிள்ளை என் கையைப் பிடிச்சிட்டு இருந்தா. எனக்கு அப்பத்தான் தோணுச்சு, இவங்க செத்துட்டான்னு நினைக்காங்கன்னு. சொல்லியிருக்கலாம். ஆனா கையைப் பிடிச்சிட்டு இருந்தாளா, விட மனசு வரல.

அவ சாகலம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க வந்ததே அதுக்குத்தானே. பாளையங்கோட்டையில இருக்கா. பள்ளிக்கூடத்துல டீச்சர். அவளைக் கட்டினவனும் அதே பள்ளிக்கூடம். நல்ல பையன்தான், நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லல. நம்ம ஆளு இல்ல, அவ்வளவுதான். அவ போன அன்னைக்கு அவுக துண்டை எடுத்துட்டு நேரா குளத்துக்குப் போனாங்க, முழுகிட்டு ஈரத்தோட வந்து வாசல்ல நின்னாங்க. "உனக்கும் மக கிடையாது. போய் முழுகிட்டு வா"ன்னாங்க. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், மார்கழிக் குளிர் வேற. என்ன செய்ய? முழுகினேன். மேலவீட்டு மைனி கூட வந்தாங்க, வழுக்கிருவேன்னு. முழுகி எந்திரிச்சதும் அவங்கதான் என் தலையைத் துவட்டி விட்டாங்க. கெட்டவங்க யாரும் இல்லம்மா. எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல.

அவ போன்ல பேசி அனுப்புவா. எனக்கு எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும், அஞ்சாம் கிளாஸ். அது அவளுக்குத் தெரியும்லா, அதனால பேசியே அனுப்புவா. அம்மா, சாப்பிட்டியா. அம்மா, இங்க மழை, அங்க மழையா. அம்மா, நீ வைக்கிற மாதிரி புளிக்குழம்பு வச்சேன், வரல. அம்மா, பிள்ளை பிறந்திருக்கு, பொம்பளைப் பிள்ளை, காது அப்படியே உன்னோட காது. அம்மா, ஒரு வார்த்தை பேசும்மா. ம்னு சொன்னாக்கூடப் போதும்மா.

அவுக குளிக்கப் போகும்போது பூஜை அலமாரிக்குப் பின்னால நின்னு சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேப்பேன். பதில் சொன்னது கிடையாது. தலை முழுகினவளுக்கு எப்படிம்மா பதில் சொல்லுறது? கட்டினவுக பேச்சுன்னு ஒண்ணு இருக்கே. ஆனா ஒண்ணைக்கூட அழிக்கல. ஒவ்வொண்ணையும் கேட்டு முடிச்சதும் காந்திமதி அம்மனை நினைச்சுக்கிடுவேன், தாயே, அந்தப் பிள்ளைக்குத் துணையா நில்லுன்னு. அம்மன் நின்னுருக்கா, இல்லாட்டி வீடு, வேலை, பிள்ளைன்னு நல்லா இருப்பாளா?

அவுக இறந்தப்ப வந்திருக்கா. தெருமுனையிலயே சங்கரபாண்டி நிறுத்திட்டானாம். நான் உள்ள மாரடிச்சு அழுதுட்டு இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? காரியம் முடிஞ்ச பிறகுதான் மைனி சொன்னாங்க. அதுக்குப் பிறகு போன்ல பேச்சு வர்றதும் நின்னு போச்சு. நான் தினமும் எடுத்துப் பார்ப்பேன். பழசுதான் கிடக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் நீங்க இதைக் கொண்டு வந்து வச்சீங்க.

முதல் நாள் உச்சிப் பொழுது. நான் அரிசி களைஞ்சிட்டு இருக்கேன். "அம்மா, வரட்டுமா?"

அப்படியே அவதான். அவ 'ம்மா'வைக் கொஞ்சம் இழுப்பா, கடைசியில மூச்சு விடுவா. அந்த மூச்சு உள்பட அப்படியே இருந்துது. கையில இருந்த அரிசி எல்லாம் தரையில. "வா தாயி"ன்னேன். எனக்கே என் சத்தம் புதுசா இருந்துது. அந்த வார்த்தை என் வாயில வந்து எத்தனை காலமாச்சு. முறைப்படி ஒரு விஷயம் சொல்லணுமே, "அரிசியைக் கொட்டிட்டேன் தாயி"ன்னேன். சிரிச்சா. "சாப்பிட்டியாம்மா?"ன்னா. "இன்னும் இல்ல, வெண்டைக்காய் புளிக்குழம்பு வைக்கப் போறேன்"ன்னேன். "எனக்கு வரவே மாட்டேங்குதும்மா, எப்படி வைக்கணும்?"னு கேட்டா. சொன்னேன். புளியைக் கடைசியில ஊத்தணும், முதல்லயே ஊத்தினா வெண்டைக்காய் வேகாது, விறைச்சுக்கிடும்னு. கவனமாக் கேட்டா.

அன்னையிலேருந்து தினமும் பேச்சுதான். அவ போன்ல கேட்டதுக்கெல்லாம் இவகிட்டப் பதில் சொன்னேன். மழை பெஞ்சுதுன்னு சொன்னேன். பிள்ளை காதுக்கு வேப்பெண்ணெய் விடாதே, தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவுன்னு சொன்னேன். உங்க அப்பாவுக்கு உள்ளுக்குள்ள உன் மேல பாசம்தான் தாயி, சொல்லத் தெரியாதுன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. ஒண்ணு பாக்கி இல்ல.

நீங்க கேக்கலாம், இதையெல்லாம் அவகிட்டயே சொன்னா என்னன்னு. எப்படிச் சொல்ல? அவளை முழுகியாச்சு. இவ அப்படி இல்ல, கன்னி. கல்யாணமே ஆகாதவ, யார் கூடயும் போகாதவ. இவகிட்டப் பேசினா அவுக பேச்சை மீறினதா ஆகாதுல்லா? சாமி எனக்கு ஒரு வழி விட்டிருக்குன்னு நினைச்சேன். போன தைக்கு ஓலைப்பெட்டியில சிற்றாடை எடுத்து வச்சப்ப மஞ்சள்ல பச்சைக்கரைதான் எடுத்தேன். அத்தை முறைக்காரி கோவிச்சுக்கிட மாட்டா. அவளும் சின்னப் பிள்ளைதானே.

சங்கரபாண்டிக்குத்தான் ஆகல. ஒரு நாள் சோறு கொண்டு வந்தவன், விளக்கு வைக்கிற நேரம், அவ "அம்மா, வரட்டுமா"ன்னு கேட்டுட்டா. தூக்குச்சட்டியைக் கீழ வச்சான். முகம் செத்துப் போச்சு. "எம்மா, என்ன இது"ன்னான். நான் விஷயத்தைச் சொன்னேன். "நான் வரும்போது இது பேசக் கூடாது. பேசிச்சுன்னா தூக்கிக் கிணத்துல போட்ருவேன்"னு சொல்லிட்டுச் சாப்பிடாமப் போயிட்டான். அவனும் அவளைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன்தானே. அவனுக்கும் இருக்கும். அதனால அவன் வர்ற நேரம் ஒயரைப் பிடுங்கி, மிஷினைத் துணியில சுத்தி ஓலைப்பெட்டிக்குள்ள வச்சிருவேன்.

அப்புறம் பாளையங்கோட்டையில ஏதோ ஒரு காலேஜ்ல இந்த மிஷினையெல்லாம் வரிசையா வச்சு ஜனங்களுக்குக் காட்டினீங்களாமே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வடிவும் வந்தாளாம். கன்னின்னு எழுதின மேசையில இதே குரலை இன்னொரு மிஷின்ல போட்டு வச்சிருந்தாங்களாம், அது முன்னால நின்னாளாம். அது "அம்மா, வரட்டுமா"ன்னு கேட்டுதாம். அந்தத் தம்பிதான் போன்ல சொன்னார். அவ ரொம்ப நேரம் அங்கயே நின்னாளாம். இது என் குரல், இது எங்க கிடைச்சுதுன்னு கேட்டாளாம். ஒரு அம்மா போன்ல பத்திரமா வச்சிருந்தாங்க, ஒண்ணைக்கூட அழிக்காம வச்சிருந்தாங்கன்னு இவர் சொல்ல, அழுதாளாம், அப்புறம் சிரிச்சாளாம். "எல்லாத்தையும் வச்சிருக்காங்களா? எல்லாத்தையுமா?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாளாம். கோவப்படவே இல்லையாம். நல்லபடியாத்தான் போனாளாம்.

அதான் எனக்குப் புரியல. அன்னைக்குச் சிரிச்சவ, இப்ப ஏன் குரலை எடுத்துரணும்னு எழுதிக் கொடுக்கணும்? அதுவும் அவுக திதிக்கு மறுநாள் எழுதியிருக்கான்னு அந்தத் தம்பி சொல்றார். அப்பா திதிக்கு மறுநாள் ஒரு பிள்ளை செய்யிற காரியமாம்மா இது?

திதி அன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்றேன், கேளுங்க. அதைக் கேட்டா நீங்களே இதைத் தொட மாட்டீங்க. இதுல கன்னி நிக்கிறது சத்தியம்.

அன்னைக்கு வீட்டுல சங்கரபாண்டி, அவன் பொண்டாட்டி, ஐயர் எல்லாரும். தர்ப்பணம் முடிஞ்சு, காக்காய்க்குச் சோறு வச்சு, அது வந்து எடுத்து, அப்புறம் அவன் இலையில உட்கார்ந்தான். உச்சிப் பொழுது. நான் அடுப்படியில பாயசத்தைக் கிண்டிட்டு இருக்கேன். அடுப்படிக்குப் பக்கத்துல புறவாசல் கதவு, சாத்தியிருக்கு. திரும்பினா உத்திரத்துல ஓலைப்பெட்டி. மிஷின் அதுக்குள்ளதான், சுத்தி வச்சிருக்கு.

"அம்மா, வரட்டுமா?"

கூடத்துல அவன் சாப்பிடுறான். கேட்டுட்டான்னா இலையை விட்டு எந்திரிச்சிருவான், அப்பா திதிச் சோறு பாதியில நின்னா குடும்பத்துக்கு ஆகுமா? அதுவும் அவுக வந்து உட்கார்ந்திருக்க நாள். அவுக எதிர்ல இவளை எப்படி உள்ள வான்னு சொல்லுவேன்? திரும்பிக்கூடப் பார்க்கல. கரண்டியைப் பிடிச்சமேனிக்கு மெதுவாச் சொன்னேன், "இன்னைக்கு வேண்டாம் தாயி. இருந்த இடத்துல இரு. குறையில்லாம இரு."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்ல. முறை தெரிஞ்சவ.

பாயசத்தை இறக்கி வச்சிட்டுப் பார்க்கேன், அப்பத்தான் எனக்கே உறைக்குது. ஒயரைப் பிடுங்கி வச்சிருக்கேன்லா? துணியில சுத்திப் பெட்டிக்குள்ள கிடக்குல்லா? கரண்டே இல்லாம எப்படிம்மா பேசிச்சு? மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அங்கயே நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

இன்னும் கேளுங்க. சாயந்திரம் மைனி வந்தாங்க. "ஏட்டி ஆவுட, மத்தியானம் உங்க புறவாசல்ல யாரு? ஒருத்தி ஒரு சின்னப் பிள்ளையக் கையில பிடிச்சிட்டு நின்னாளே. பிள்ளை மஞ்சப் பாவாடை கட்டியிருந்துது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஓடைப்பக்கம் போயிட்டா"ன்னாங்க. பார்த்தீங்களா? கண்ணுக்கே தெரிஞ்சிருக்கா! கன்னி எப்பவும் தனியா வர மாட்டா, துணைக்கு ஒரு சின்னப் பிள்ளையையும் கூட்டிட்டுத்தான் வருவான்னு மாமியார் சொல்லியிருக்காங்க. நான் சொன்னதும் மைனி என்னையே பார்த்தாங்க. அவங்களுக்கும் பயம் வந்துட்டு போல, சட்டுனு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

கதவுத் தாழ்ப்பாள்ல ஒரு பை தொங்கிச்சு. உள்ள பனங்கற்கண்டு. அவுகளுக்குப் பனங்கற்கண்டுன்னா உசிரு. சின்னப் பிள்ளையில வடிவுதான் அவுக சட்டைப்பையில கைவிட்டுத் திருடித் தின்பா. கன்னிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு பாருங்க. நான் அதை வாயில வைக்கல. சாமி கொடுத்ததுன்னு அலமாரியில வச்சுப் பூப் போட்டுட்டு வர்றேன். உங்களுக்கு ஒண்ணு தாரேன், வாயில போட்டுக்கிடுங்க.

ஏம்மா, முகம் ஏன் ஒரு மாதிரி ஆகுது? காப்பி ஆறிட்டா? சூடு பண்ணித் தரட்டா?

என்ன சொல்றீங்க? கரண்ட் இல்லாம இது பேசாதா? உள்ள பேட்டரி எதுவும் கிடையாதா?

அப்படிச் சொல்லாதீங்கம்மா. உங்களுக்குத் தெரியாது, நீங்க புதுசு. செய்தது நீங்களா இருந்தாலும், உள்ள வந்து நின்னது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்படிச் சொல்லாதீங்க. அப்படின்னா நான் அன்னைக்குச் சொன்னது யார்கிட்டச் சொன்னதுன்னு ஆயிடும்லா? ஒரே தரம்தான் கூப்பிட்டா. மனுஷின்னா மூணு தரம் கூப்பிடுவா. எங்க அம்மா சொன்னது பொய்யா? இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டிருந்தா நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேனா? கதவு எட்டுற தூரத்துலதானம்மா இருந்துது.

வேண்டாம். நீங்க கையை விடுங்க. அந்தப் பிள்ளையும் இப்படித்தான் கையைப் பிடிச்சா.

காரா? எதுக்கு? பாளையங்கோட்டைக்கா?

எனக்குத் தெரியும்மா, பக்கந்தான். வாசல்லயே பஸ் போகுது. கண்டக்டர் கூவுறது அடுப்படி வரைக்கும் கேக்கும், பாளையங்கோட்டை, பாளையங்கோட்டைன்னு. அவுக இல்ல, யாரு தடுக்கப் போறாங்கன்னு நீங்க கேக்கிறது எனக்குப் புரியுது. யாரும் தடுக்கல. ஆனா போய் என்னன்னு சொல்ல? தலை முழுகினவ வீட்டு வாசல்ல நின்னு, வரட்டுமான்னு நான் கேக்கவா? அவ என்னைப் பார்த்து இருந்த இடத்துல இருன்னு சொல்லிட்டா?

நீங்க நல்ல பிள்ளை. உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? வந்த வேலையைப் பாருங்க.

எடுத்துத்தான் ஆகணுமா? சரி. உரியவளே வேண்டாம்னு சொன்ன பிறகு நான் என்ன சொல்ல இருக்கு. அவ சொன்னா சரிதான். சின்னப் பிள்ளையிலேருந்தே அவ ஒண்ணு சொன்னா அதுல மாற்றம் இருக்காது.

நீங்க தொட வேண்டாம், நானே எடுத்துத் தாரேன். முறை ஒண்ணு இருக்குல்லா. கொஞ்சம் குங்குமம். இந்தச் சிற்றாடையில சுத்தித் தாரேன், மஞ்சள்ல பச்சைக்கரை. ஒரு தடவைகூட யாரும் கட்டல. இதை அடுத்த தைக்கு வீட்டுல இருக்க பொம்பளைப் பிள்ளை உடுத்தணும். வீட்டுல யாரு இருக்கா? நீங்க போற வழியில பாளையங்கோட்டை வரும்லா, அங்க...

இல்ல. ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க எங்கயும் நிறுத்தவும் வேண்டாம். துணி உங்க ஆபீஸ்லயே கிடக்கட்டும்.

ஒரு தரம் ஒயரை மாட்டிப் பார்க்கலாமான்னு கேக்கீங்களா? வேண்டாம்மா. வரட்டுமான்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?

பனங்கற்கண்டை மறந்துட்டீங்க. கைக்குள்ள வச்சுக்கிடுங்க. ஆமா, வாசல் வழியாப் போங்க, புறவாசல் வேண்டாம். படி தாண்டின பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா அதுவும் கூடவே திரும்பிரும்பாங்க.

நான் தெருமுனை வரைக்கும் வரல. அடுப்புல வெந்நி கொதிக்குது. கன்னியை வழியனுப்பிட்டா வீட்டுக்காரி தலைக்கு ஊத்திக்கிடணும், அது முறை. போன தடவை மார்கழிக் குளத்துல பச்சைத் தண்ணி, காய்ச்சலோட முழுகினேன். இந்தத் தடவை வெந்நி இருக்கு. அந்த மட்டுக்கும் சாமி கண்ணைத் திறந்திருக்கும்மா. நீங்க கிளம்புங்க.